நாய்க்கும் உண்டு இலக்கணம்

நாய் நன்றியுள்ள பிராணி என்று கட்டுரை எழுதாமல் தொடக்கப்பள்ளியைக் கடந்து சென்ற மாணவர் எவரும் இலர். அக்கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்தி வரும் நாம், இம்முறை நாயைப் பற்றி வேறொரு செய்தி கூற விழைகின்றோம். நாய்களுக்கும் தேர்வு உண்டு; தேர்வாளர் உண்டு; அத்தேர்வுக்கென எழுதி வைத்த இலக்கணமும் உண்டு.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் மார்ச் மாதத்தில் நான்கு நாள்கள் நடைபெறும் கிரஃப்ட்ஸ் கண்காட்சியே இத்தேர்வுகளுள் பெரும்புகழ் வாய்ந்தது. இதனைத் தோற்றுவித்த சார்லஸ் கிரஃப்ட் என்பார், ஸ்பிராட் என்னும் நாய் பிஸ்கட் நிறுவனத்தில் ஊழியராக இருந்தவர். பிஸ்கட் வணிகத்தால் நாய் வளர்ப்போர் பலரை அறிந்துகொண்ட அவர், 1891-ஆம் ஆண்டு லண்டனில் தம் பெயரால் முதற் கண்காட்சியை நடத்தினார். விக்டோரியா மகாராணியாரின் நாய்களும் அதில் இடம்பெற்றன. கிரஃப்ட் 1938-இல் மறைந்தார். 1873-இல் தொடங்கப்பட்ட கென்னல் கிளப் என்னும் சங்கம் 1948 முதல் இக்கண்காட்சியை ஏற்று நடத்தி வருகின்றது. இன்று 200-க்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 20,000 நாய்கள் அங்குக் கூடுகின்றன.

விரும்பியவரெல்லாம் நாயைப் பிடித்துக்கொண்டு போய் அங்கு நின்றுவிட இயலாது. முன்னதாக வேறு கண்காட்சிகளில் வென்று தகுதி பெற்றிருத்தல் வேண்டும்.

அழகான நாய் எதுவோ அதற்கே பரிசு என்று பலரும் எண்ணுவர். அஃது அன்று. ஒவ்வோர் இனத்திற்கும் தலை எவ்வாறு அமைதல் வேண்டும், பற்கள் எவ்வாறு பொருந்துதல் வேண்டும், வால், மயிர், நடை, குணம் ஆகியன எத்தகையன என்று வரையறுத்து எழுதியிருக்கின்றனர். நடுவர் அதனை மனத்திற் கொண்டே நாயை நோக்குகின்றார். வாயைத் திறந்து பற்களைப் பார்க்கின்றார். தோள், விலா, பின்னங்கால் ஆகியவற்றைக் கையால் தடவி எலும்பின் அமைப்பை அறிகின்றார். சிறிய நாயாயின் மேசைமேல் நிறுத்திச் சோதிக்கின்றார். பின்னர் நேராகவும் முக்கோணமாகவும் ஓட்டிக் காட்டச் செய்கின்றார். நாயை நடத்துபவர் எண் அட்டை ஒன்றையே அணிந்திருப்பார். நம் தேர்வுத் தாள்களில் மாணவர் எண் மட்டும் இருப்பது போன்றதே இது.

ஓர் இனத்தின் முதல்வன், ஏழு பிரிவுகளுள் தன் பிரிவில் வென்று, இறுதியில் ஏனைய ஆறு முதல்வர்களோடு நிற்கும். கைக்குள் அடங்கும் பொம்மை நாயையும் கன்றுக்குட்டி அளவுள்ள காவல் நாயையும் எவ்வாறு ஒப்பிடுவது என்று கேட்கலாம். கணிதத்தில் முதல்வனையும் தமிழில் முதல்வனையும் வைத்துக்கொண்டு சிறந்த மாணவனைத் தேடும் ஆசிரியரின் பாடுதான் அந்நடுவரின் பாடும். எந்த நாய் தன் இலக்கணத்திற்கு மிக அணுக்கமாக உள்ளதோ அதற்கே வெற்றி.

இவ்விலக்கணங்கள் பலவும் தொழிலிலிருந்து பிறந்தவை. டாக்சண்டு நாயின் கால்கள் குட்டையானது, பேட்ஜர் என்னும் விலங்கின் வளைக்குள் புகுவதற்காக. ஆனால் தொழில் மறைந்து அழகு மட்டும் எஞ்சியபோது கேடு புகுந்தது. புல்டாக் என்னும் நாய் காளையோடு பொருதுவதற்கென வளர்க்கப்பட்டது. 1835-இல் சட்டம் அக்கொடிய விளையாட்டைத் தடை செய்தது. அதன் பின்னர்க் கண்காட்சிக்காகவும் வீட்டுக்காகவும் வளர்த்தோர், முகம் குட்டையாயிருத்தல் சிறப்பு என்று கருதி, தலைமுறைதோறும் மேலும் குட்டையாக்கினர். மண்டையோடு சுருங்கியது, உள்ளிருக்கும் மென்மையான அண்ணமோ அதே அளவிற் சுருங்கவில்லை. மூக்குத் துளையும் இடுங்கியது. பரிசுக் கோப்பை உரிமையாளருக்கு. மூச்சுத் திணறல் நாய்க்கு! மரபுவழி வரும் தூய்மையைக் காப்பதாகக் கூறி நெருங்கிய இரத்த உறவிலேயே இனவிருத்தி செய்ததால், நோய்களும் பரம்பரைச் சொத்தாயின.

2008-ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சி இவ்வுண்மைகளைப் படமாக்கி வெளியிட்டது. நாட்டில் பெரும் சினம் எழுந்தது. மறு ஆண்டு முதல் பி.பி.சி. இக்கண்காட்சியை ஒளிபரப்புவதை நிறுத்திக்கொண்டது. கென்னல் கிளப்பும் 2009-இல் இலக்கணங்களைத் திருத்தியது. தாயும் மகனும், தந்தையும் மகளும், உடன்பிறந்தவையும் கூடி ஈனும் குட்டிகளைப் பதிவு செய்யவும் மறுத்தது. 2012-இல், இடர் மிகுந்த 15 இனங்களின் முதல்வர்களைக் கால்நடை மருத்துவர் சோதித்த பின்னரே அடுத்த சுற்றுக்கு அனுப்புவது என்று விதித்தனர். அவ்வாண்டு ஆறு நாய்கள் அச்சோதனையில் தவறின. அவற்றுள் புல்டாக்கும் பெக்கினீசும் அடங்கும். உரிமையாளர் சிலர் கண்ணீர் விட்டனர். சிலர் அநீதி என்றனர். விதி மிகத் தாமதமாக வந்தது என்பதே நம் கருத்து.

நம்மிடையேயும் தட்டை முக நாய்க்குட்டியை விலை கொடுத்து வாங்குவோர் உளர். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. மூச்சுவழி குறுகிய நாய்க்கு நம் நாட்டு வெயில் உயிருக்கே உலையாகலாம். ஆகவே குட்டியின் படத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தல் கூடாது. தாய் நாயைக் காட்டச் சொல்லிச் சற்று நடக்க விட்டு, அருகில் நின்று கேட்க வேண்டும். நாய் ஓய்ந்து நிற்கும்போதும் குறட்டை போன்ற ஒலி எழுமாயின், அக்குட்டியை வாங்காமல் திரும்பிவிடலாம்.