மண்ணின் ஈரமறிந்து பம்பை ஓட்டும் கருவி

பொறியியல் கல்லூரி மாணாக்கர்கள் தங்கள் கடைசி வருஷத்துச் செய்முறை வேலைக்கு விஷயம் தேடுங்கால், மண்ணின் ஈரத்தைத் தானே அறிந்து பம்பை ஓட்டவும் நிறுத்தவும் வல்ல மின்னணுக் கருவியை அநேகர் தெரிந்தெடுக்கின்றனர். நல்ல விஷயந்தான். ஆனால் மேஜைமேல் ஒரு பூந்தொட்டியில் வைத்துக் காட்டியதும் அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. குடியானவருடைய வேலையோ அதற்கப்பால்தான் ஆரம்பமாகிறது.

மண்ணில் ஊன்றிய இரு உலோகக் கம்பிகளுக்கிடையே மின்சாரம் ஈரத்தில் எளிதாயும் காய்ச்சலில் பிரயாசையாயும் பாயும். இவ்வித்தியாசத்தை, 2005-ம் வருஷத்தில் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ போன்ற சிறு பலகை, 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். குறித்த எல்லை கடந்தால் ரிலே இயங்கிப் பம்பு ஓடும்.

சென்ற கோடையில் இத்தகைய கருவியொன்றைக் கிணற்றுத் தோட்டத்துக் கத்தரிப் பாத்தியில் வைத்துப் பார்த்தோம். மூன்றாம் வாரத்தில் பாத்தியில் ஜலம் தேங்கி நிற்கவும், கருவி மட்டும் காய்ந்ததென்றே கருதி மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தது. கிணறு வற்றிப் பம்பு வெறுமனே சுழன்றது. தோட்டக்காரர் தற்செயலாய் வந்திராவிடில் பம்பும் மோட்டாரும் பாழாகியிருக்கும். கம்பிகளைப் பிடுங்கிப் பார்க்கையில் ஒன்று பாதிக்குமேல் அரித்துப் போயிருந்தது. ஒரே திசையில் ஓயாது மின்சாரம் பாய்ந்தால் நேர்முனைக் கம்பி இவ்வாறு கரைவது இயல்பே. மணிக்கொருமுறை, அளக்கும் சில விநாடிகள் மட்டும் மின்சாரம் விடுவது இதற்குப் பரிகாரம். உலோகம் மண்ணைத் தொடாத கெபாசிடர் வகைக் கருவி இதனினும் மேலானது. உப்புத் தண்ணீர் பாயும் நிலத்தில் காய்ந்த மண்ணையும் ஈரமெனக் காட்டும் பிழையும் அதில் குறைவு.

எவ்வகையாயினும், வைக்கப்போகும் நிலத்து மண்ணைக்கொண்டே எல்லையை நிர்ணயிக்க வேண்டும். கரிசலுக்குக் கண்ட எண் செம்மண்ணுக்கு உதவாது. வேர் செல்லும் ஆழத்தில் மண்ணெடுத்து நிறுத்து, 105 டிகிரி சென்டிகிரேடில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் நிறுத்தால், குறைந்த எடையே மண்ணிலிருந்த ஜலம். ஈரம் வேறுபட்ட நாட்களில் இவ்விதம் நாலைந்து முறை செய்து, கருவியின் எண்ணோடு ஒப்பிடுக.

சிறு ரிலேயைக்கொண்டு 5 குதிரைச்சக்தி மோட்டாரை நேராக ஓட்ட எத்தனிப்பது ஆபத்து. புறப்படும்போது அம்மோட்டார் வழக்கத்தினும் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் நிறுத்த வழியிராது. ரிலே ஸ்டார்ட்டரை மட்டும் இயக்கட்டும். அவ்விணைப்பையும் லைசென்ஸ் பெற்ற மின்தொழிலாளரே செய்யவேண்டும். கருவி என்ன சொன்னாலும், கிணற்று ஊற்றுக்கேற்பக் குறித்த நேரத்துக்குமேல் மோட்டார் ஓடாதபடி தனியே ஒரு டைமரும் வைத்தல் அவசியம்.