‘துப்பாக்கியைத் தடை பண்ண வேண்டியதுதானே?’ - அமெரிக்காவைப் பார்த்து உலகமே கேட்கும் கேள்வி!

2022, மே 24. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள யுவால்டி என்ற சின்ன ஊரில், ஆரம்பப் பள்ளிக்குள் புகுந்த 18 வயது இளைஞன் ஒருவன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். மறுநாள் என் இன்ஸ்டாகிராம் முழுக்க அதே பேச்சுதான். அழுகை, கோபம், கூடவே மீம்ஸ். ‘துப்பாக்கியைத் தவிர எல்லாத்து மேலயும் பழி போடுற நாடு’ என்கிற மாதிரியான மீம் ஒன்றை நானும் சாயங்காலம் ஸ்டோரியில் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் அக்காவிடமிருந்து மெசேஜ். பெரியம்மா மகள், டல்லாஸ் பக்கம் இருக்கிறாள். “இன்னைக்கு இவனை ஸ்கூலுக்கு அனுப்பலாமா, வேணாமானு காலையில எந்திரிச்சதுல இருந்து யோசிச்சிட்டு இருக்கேன். நீ யாரைப் பார்த்துடி சிரிக்கிற?”

ஸ்டோரியை உடனே டெலிட் பண்ணிவிட்டேன். ஆனால், கேள்வி போகவில்லை. ஒவ்வொரு முறை அமெரிக்காவில் இப்படி நடக்கும்போதும் நாம் எல்லோரும் கேட்கிறோமே, ‘இவங்க ஏன் துப்பாக்கியைத் தடை பண்ண மாட்டேங்கறாங்க?’ என்று. லண்டனில் கேட்கிறார்கள், சிட்னியில் கேட்கிறார்கள், டோக்கியோவில் கேட்கிறார்கள், மதுரை டீக்கடையிலும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு உண்மையில் என்ன பதில்? நாம் இப்படிக் கேட்பதால் அங்கே ஏதாவது மாறுமா? அப்போது தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

நாங்க பண்ணினோமே!

வெளிநாட்டுக்காரர்கள் இவ்வளவு அழுத்தமாகக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர்களில் சிலர் இதே வேதனையைப் பட்டவர்கள்.

1996 மார்ச் 13. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்ற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்களின் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்னாளில் விம்பிள்டன் ஜெயித்த ஆண்டி முர்ரே அப்போது அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். குழந்தைகளைப் பறிகொடுத்த அந்த ஊரிலிருந்து ‘ஸ்னோடிராப்’ என்ற இயக்கம் கிளம்பியது. அந்த மார்ச் மாதக் குளிரில் அங்கே பூத்திருந்த பூவின் பெயர் அது. அவர்களின் மனுவில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். 1997-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. பிரிட்டனில் தனிநபர்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறக்குறைய முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

டன்பிளேன் நடந்து ஏழே வாரத்தில் ஆஸ்திரேலியா. டாஸ்மேனியா தீவில் போர்ட் ஆர்தர் என்ற சுற்றுலாத் தலத்தில் 35 பேர் கொல்லப்பட்டனர். ஜான் ஹோவர்ட் பிரதமராகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் இடதுசாரியெல்லாம் இல்லை, பழைமைவாதக் கூட்டணியின் தலைவர். கிராமப்புறங்களில் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள்தான் அந்தக் கூட்டணியின் ஓட்டு வங்கி. அப்படியிருந்தும் 12 நாள்களில் எல்லா மாநிலங்களையும் ஒரே ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். அரசே காசு கொடுத்து சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை வாங்கி அழித்தது. இதற்காக மக்களிடம் தனி வரி வசூலித்தார்கள். ‘தற்காப்புக்காக’ என்று காரணம் சொன்னால் அங்கே லைசென்ஸ் கிடையாது.

இதெல்லாம் அமைதியாக நடந்துவிடவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஊர் ஊராகக் கூடி எதிர்த்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தில், கோட்டுக்குள் குண்டு துளைக்காத உடையைப் போட்டுக்கொண்டுதான் ஹோவர்ட் பேசினார்.

நம் தலைமுறைக்கு நன்றாக ஞாபகம் இருப்பது நியூசிலாந்து. 2019 மார்ச் 15-ம் தேதி கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த தாக்குதலில் 51 பேர் இறந்தார்கள். ஆறே நாளில் தடையை அறிவித்தார் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன். தாக்குதல் நடந்து ஒரு மாதம் ஆவதற்குள் நாடாளுமன்றத்தில் 119-க்கு 1 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

அப்போ அமெரிக்காவுக்கு என்னதான் பிரச்னை?

‘அவங்களுக்குக் குழந்தைங்க மேல அக்கறை இல்லை’ என்பது நம் பக்கத்தில் ரொம்ப சுலபமாகச் சொல்லப்படும் பதில். அது உண்மையில்லை. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்பதை அமெரிக்கர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆதரிப்பதாகக் கருத்துக்கணிப்புகள் தொடர்ந்து சொல்கின்றன. அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது?

முதலாவது, அரசியலமைப்பு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் துப்பாக்கி என்பது அரசு கொடுக்கும் அனுமதி. அமெரிக்காவில் அது உரிமை. 1791-ல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அது ஒவ்வொரு தனிமனிதருக்குமான உரிமைதான் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடத்துக்கு எடுத்துப் போகவும் உரிமை உண்டு என்று 2022 ஜூன் மாதம், யுவால்டி நடந்து சரியாக 30-வது நாளில், இன்னொரு தீர்ப்பு வந்தது. இந்தத் திருத்தத்தை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதன்பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்களும் தலையாட்ட வேண்டும். இன்றைய அரசியலில் அது நடக்கிற காரியமா?

இரண்டாவது, செனட் கணக்கு. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். குழந்தைகள் எல்லோருக்கும் ஆறு, ஏழு வயது. ‘இதற்கு மேலுமா மாறாது?’ என்று உலகமே நினைத்தது. நான்கு மாதம் கழித்து, பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதா செனட்டுக்கு வந்தது. 54 பேர் ஆதரவாக, 46 பேர் எதிராக ஓட்டுப் போட்டார்கள். நம் கணக்கில் அது வெற்றி. ஆனால், அங்கே மேற்கொண்டு நகர 60 ஓட்டு தேவை. மசோதா தோற்றது. சின்ன மாநிலம், பெரிய மாநிலம் எல்லாவற்றுக்கும் தலா இரண்டு செனட்டர்கள் என்பதால், மக்கள்தொகை குறைவான கிராமப்புற மாநிலங்களின் குரல் அங்கே ரொம்பவே பலமாக ஒலிக்கும்.

மூன்றாவது, எண்ணிக்கை. ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ என்ற ஆய்வு அமைப்பின் 2018 மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. ஆள்களைவிடத் துப்பாக்கி அதிகம்! இந்தியாவில் லைசென்ஸ் உள்ளது, இல்லாதது எல்லாம் சேர்த்தே நூறு பேருக்கு ஐந்து என்கிற அளவில்தான் இருக்கும். ஆஸ்திரேலியா ஆறரை லட்சத்தை வாங்கி அழித்தது பெரிய சாதனை. 39 கோடியை யார், எப்படி வாங்குவது?

இன்னொரு விஷயம். நமக்குத் தெரிவது பள்ளி, மால், கச்சேரி என்று தலைப்புச் செய்தியாகும் கொலைகள் மட்டும்தான். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். கூட்டமாகச் சுட்டுக் கொல்லும் சம்பவங்களில் இறப்பவர்கள் இந்தக் கணக்கில் மிகச் சிறிய பங்கு. மற்ற மரணங்களுக்கு யாரும் மீம் போடுவதில்லை.

வெளியாள் பேசினால் என்ன ஆகும்?

உலகம் சும்மா இருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் எல் பாசோ, டேட்டன் என அடுத்தடுத்து இரண்டு நகரங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, உருகுவே நாடு ‘அமெரிக்கா போறவங்க ஜாக்கிரதை’ என்று தன் மக்களை எச்சரித்தது. அமெரிக்கா மற்ற நாடுகளுக்கு விடும் எச்சரிக்கையை அதற்கே திருப்பி விட்ட மாதிரி! எல் பாசோவில் இறந்தவர்களில் 8 பேர் மெக்சிகோ குடிமக்கள். இரண்டு வருடம் கழித்து, அமெரிக்கத் துப்பாக்கி கம்பெனிகள் மீது மெக்சிகோ அரசே வழக்குப் போட்டது. ‘உங்க துப்பாக்கிதான் எல்லை தாண்டி வந்து எங்க கடத்தல் கும்பல் கைக்குப் போகுது’ என்பதுதான் புகார். 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வழக்கை நிராகரித்துவிட்டது.

தனிமனிதர்களுக்கும் இதே கதைதான். சாண்டி ஹூக்குக்குப் பிறகு சி.என்.என் சேனலில் துப்பாக்கி ஆதரவாளர்களை வறுத்தெடுத்தார் பிரிட்டிஷ்காரரான பியர்ஸ் மோர்கன். பதிலுக்கு ‘இவரை நாடு கடத்துங்கள்’ என்று வெள்ளை மாளிகைக்கு மனு போனது. ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து! கருத்துச் சுதந்திரத்தைக் காரணம் காட்டி வெள்ளை மாளிகை மறுத்துவிட்டது. ஆனால், 2014-ல் அவரது நிகழ்ச்சியே முடிவுக்கு வந்தது. ‘துப்பாக்கியைப் பற்றி ஒரு பிரிட்டிஷ்காரன் பாடம் எடுப்பதைக் கேட்டு மக்கள் சலித்துப் போயிருக்கலாம்’ என்று அவரே ஒப்புக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுச் சண்டைக்குள் பக்கத்துத் தெருக்காரர் வந்து ‘உங்களுக்கெல்லாம் அறிவே இல்லையா?’ என்று கேட்டால், அவர் சொல்வது நியாயமாகவே இருந்தாலும் நமக்குக் காது கேட்குமா?

ஒரு ஜப்பானிய அப்பா, அம்மா

தேடிப் படித்ததில் என்னை உட்கார வைத்தது இந்தக் கதைதான். இது கூட்டக் கொலை இல்லை, ஒரே ஒரு பையனின் மரணம்.

ஜப்பானின் நகோயா நகரத்திலிருந்து அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குப் படிக்கப் போனவன் யோஷிஹிரோ ஹட்டோரி. வயது 16. 1992 அக்டோபரில் ஒரு நாள் இரவு, ஹாலோவீன் பார்ட்டிக்குப் போகும் வழியில் நண்பனோடு தவறான வீட்டின் பெல்லை அடித்துவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து ‘அசையாதே’ என்று கத்தினார். அந்த ஆங்கில வார்த்தை அவனுக்குப் புரியவில்லை என்று கருதப்படுகிறது. சிரித்தபடியே முன்னால் போனவனை அவர் சுட்டுவிட்டார். அடுத்த வருடம் நடுவர் குழு அவரை நிரபராதி என்று விடுவித்தது. ஜப்பான் கொதித்துப் போனது.

பையனின் பெற்றோருக்கு அமெரிக்காவையே வெறுக்க எல்லா நியாயமும் இருந்தது. அவர்கள் அதைச் செய்யவில்லை. வீடுகளில் துப்பாக்கி சுலபமாகக் கிடைப்பதைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். சுமார் 17 லட்சம் ஜப்பானியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மகனைத் தங்க வைத்திருந்த அமெரிக்கக் குடும்பமும் அவர்களோடு சேர்ந்து நின்றது. 1993 நவம்பரில் அதிபர் பில் கிளின்டனை நேரில் சந்தித்தார்கள். அதே மாதக் கடைசியில், கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் ‘பிரேடி சட்டத்தில்’ கிளின்டன் கையெழுத்திட்டார்.

‘ஜப்பான்காரங்களாலதான் அந்தச் சட்டம் வந்தது’ என்று சொல்லிவிட முடியாது. அதற்காக அமெரிக்கர்களே பல வருடம் போராடியிருந்தார்கள். ஆனால், அந்த நேரத்தில் இந்தப் பெற்றோரின் குரலும் கூடச் சேர்ந்தது. இன்னொன்றும் செய்தார்கள். அமெரிக்க மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்துப் படிக்க வைக்க மகன் நினைவாக ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். துப்பாக்கி இல்லாத ஊரில் வாழ்வது எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் வாழ்ந்தே பார்க்கட்டும் என்பதுதான் எண்ணம்.

நமக்கும் இது தூரத்து நெருப்பு இல்லை

2007 ஏப்ரல் 16. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊரில் பிறந்து, அமெரிக்காவில் சிவில் இன்ஜினீயரிங் பாடம் நடத்தியவர். வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டார். இன்று நம் ஒவ்வொரு தெருவிலும் அமெரிக்காவில் பிள்ளை இருக்கும் ஒரு வீடாவது இருக்கிறது. அங்கே சுடும் செய்தி வந்தால், ‘எந்த ஊரு?’ என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

யுவால்டிக்குப் பிறகு எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே மாதத்தில் இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தன. 21 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கும்போது கூடுதல் சோதனை உண்டு என்றது அந்தச் சட்டம். உலகத்தின் பார்வையில் அது துளி. ஆனால், அமெரிக்காவில் கிட்டத்தட்ட 30 வருடத்தில் வந்த பெரிய துப்பாக்கிச் சட்டம் அதுதான்.

கட்டுரைக்காக அக்காவுக்கு மறுபடி போன் பண்ணினேன். பையன் இப்போது வளர்ந்துவிட்டான். சின்ன வகுப்பில் இருந்தபோது ஸ்கூலில் நடந்த ஒத்திகையைப் பற்றிச் சொன்னாள். லைட்டை அணைத்துவிட்டு, எல்லோரும் மூலையில் சத்தம் போடாமல் உட்கார வேண்டுமாம். வீட்டுக்கு வந்தவன், “அம்மா, அப்போ தும்மல் வந்தா என்ன பண்றது?” என்று கேட்டிருக்கிறான்.

“நீ என்னக்கா சொன்னே?”

“மூக்கைப் பொத்திக்கோடானு சொன்னேன். வேற என்ன சொல்றது?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். “இங்க ஏன் மாறலைனு எங்களை எல்லாரும் கேட்கிறாங்க. ஸ்கூல் மீட்டிங்ல பேசுறோம், எங்க ஏரியா செனட்டர் ஆபீஸுக்கு போன் பண்றோம். நான் சிட்டிசன்கூட இல்லை, எனக்கு ஓட்டுக் கிடையாது. ஆனா, போன் பண்ண யாரும் தடுக்கலையே. அடுத்த தடவை நியூஸ் பார்த்தா மீம் போடாத. ‘அவன் ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்துட்டானா?’னு கேளு. அது போதும்.”

இப்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறேன்.