பிள்ளையோட காலேஜ் பணம் யார் பேர்ல இருக்கு?

நிறைய வீடுகளில் வெளியே தெரியாமல் நடக்கும் ஒரு சண்டையைப் பத்தி இன்னைக்குப் பார்க்கலாம்.

கூமாப்பட்டியில் ஒரு குடும்பம்னு வச்சுக்கோங்க. ஆமாங்க, 2025-ல் ரீல்ஸ் மூலமா தமிழ்நாடே பேசிய அதே ஊர்தான். அம்மா பால் ஊத்துற காசில் மாசம் 2,000 ரூபாய்னு பத்து வருஷமா சேர்க்கிறாங்க. அசல் மட்டுமே 2,40,000 ரூபாய். மகள் பிளஸ் டூ முடிச்சு ஃபீஸ் கட்டப் போகும்போதுதான் விஷயம் தெரியுது. தென்னை காயுதுன்னு அப்பா அந்தப் பணத்தை எடுத்து போர் போட்டுட்டார்.

"அது பிள்ளை காசு"ன்னு அம்மா அழறாங்க. "என் பேர்ல இருந்த பணம்தானே, குடும்பத்துக்குத்தானே எடுத்தேன்?"னு அப்பா கேட்கிறார்.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனா ஒண்ணு கவனிங்க. அதே போருக்கு நகையை அடகு வச்சிருந்தா, வட்டி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கும். பிள்ளை காசை எடுத்தா யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டாங்க. அதனாலதான் நெருக்கடி வந்தா முதல்ல கை போறது அங்கே.

பேங்க் எதைப் பார்க்கும்?

கணக்கில் யார் பேர் இருக்கோ, பேங்க் அவங்ககிட்டதான் பணத்தைக் கொடுக்கும். "இது காலேஜுக்கு"ன்னு நாம மனசுல நினைச்சது பாஸ்புக்கில் இருக்காது.

பிள்ளை பேரில் கணக்கு இருந்தா நிலைமை வேற. 1956-ம் வருஷ இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, காப்பாளர் பிள்ளையோட நன்மைக்காகத்தான் அந்தச் சொத்தைக் கையாளணும். மைனர் பேரில் இருக்கும் நிலத்தை கோர்ட் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. அப்படி வித்துட்டா, பிள்ளை 18 வயசு முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ள அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். ஆனா சாதாரண சேமிப்புக் கணக்கில் காப்பாளர் பணம் எடுத்தா, பேங்க் பெரும்பாலும் காரணம் கேட்காது.

அம்மாவும் காப்பாளர் ஆகலாம்

1984-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரனும் அவர் கணவரும் மகன் பேரில் ரிலீஃப் பாண்ட் வாங்க விண்ணப்பிச்சாங்க. அம்மாதான் காப்பாளர்னு இரண்டு பேரும் சேர்ந்தே எழுதிக் கொடுத்தாங்க. அப்பா கையெழுத்து வேணும்னு ரிசர்வ் வங்கி திருப்பி அனுப்பிடுச்சு. அந்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: அப்பா உயிரோடு இருக்கும்போதே, சூழ்நிலையைப் பொறுத்து அம்மாவும் இயற்கைக் காப்பாளரா செயல்படலாம். அதனால கணக்கு தொடங்கும்போதே யார் காப்பாளர்னு வீட்டில் பேசி முடிவு பண்ணுங்க.

பூட்டு உள்ள இடத்தில் போடுங்க

1. பெண் பிள்ளைன்னா செல்வமகள் சேமிப்புத் திட்டம். 10 வயசுக்குள்ள தொடங்கணும். 18 வயசு ஆனாலோ, பத்தாம் வகுப்பு முடிச்சாலோதான் படிப்புக்கு எடுக்கலாம். அதுவும் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் 50% வரைதான். அட்மிஷன் அல்லது ஃபீஸ் ஆதாரமும் காட்டணும். 18-க்குப் பிறகு கணக்கை மகளே நடத்துவாள்.

2. பிள்ளை பேரில் மியூச்சுவல் ஃபண்ட். பணத்தை அப்பா, அம்மா கணக்கிலிருந்து போடலாம். ஆனா 2023-ல் செபி கொண்டுவந்த விதிப்படி, விற்கும்போது பணம் பிள்ளையோட பேங்க் கணக்குக்குத்தான் வரும். எதுக்கு எடுத்தோம்ங்கிற தடயம் இருக்கும்.

3. பிள்ளைக்கு 10 வயசு ஆயிட்டா, அவங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கை பேங்க் தரலாம்னு 2025-ல் ரிசர்வ் வங்கி தெளிவா சொல்லியிருக்கு. பேங்குக்கு பேங்க் வரம்பு மாறும், கேட்டுக்கோங்க.

பணம் ஏற்கெனவே போயிடுச்சா?

முதல்ல அட்மிஷனை விடாதீங்க. ரூ.7.5 லட்சம் வரை கல்விக்கடனுக்குப் பொதுவா சொத்து ஜாமீன் தேவையில்லை. மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருந்தா, புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வரும். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கு. குடும்பத்தில் முதல் பட்டதாரியா இருந்தா, கட்டணச் சலுகையையும் கேளுங்க.

அடுத்து, எடுத்த பணத்தைக் கடனா எழுதுங்க. "இத்தனை ரூபாய், தேங்காய் வெட்டு முடிஞ்சதும் இவ்வளவு திருப்பிப் போடறேன்"னு தேதியோட ஒரு நோட்டில் எழுதி, அப்பா கையெழுத்துப் போடட்டும். இது அவமானப்படுத்த இல்லைங்க. வராத அந்த நோட்டீஸை வீட்டிலேயே நாம கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

பேச்சில் தீரலைன்னா, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிடுங்க. கூமாப்பட்டி, வத்திராயிருப்பு பக்கம் இருக்கிறவங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் பார்க்கலாம்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. பீரோவில் இருக்கிற பாஸ்புக், எஃப்டி ரசீது எல்லாத்தையும் எடுங்க. "பிள்ளைக்கு"ன்னு நீங்க சொல்லிக்கிட்டிருக்கிற பணத்தில் எத்தனை ரூபாய் நிஜமாவே பிள்ளை பேரில் இருக்குன்னு கூட்டிப் பாருங்க. வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வச்சுக்கோங்க.