புஷ் ராடு ஏன் வளைகிறது?

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார், திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட், தஞ்சை வயல்களில் சேறு உழும் மாஸி பெர்குசன் டிராக்டர். இந்த மூன்றின் இன்ஜினுக்குள்ளும் ஒரே வேலையைச் செய்யும் ஓர் உறுப்பு உண்டு: புஷ் ராடு. பென்சில் பருமனுள்ள எஃகுக் கம்பிதான். அது வளைந்துவிட்டால் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், இழுவை குறையும், மேலே ‘டக் டக்’ என்று டாப்பெட் சத்தம் கேட்கும்.

இன்ஜின் பிளாக்குக்குள் சுழலும் கேம் ஷாப்டின் மேடு டாப்பெட்டை உயர்த்துகிறது. டாப்பெட் ராடைத் தள்ள, ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்குகிறது. மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது; மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. கிராங்க் ஷாப்ட் இருமுறை சுற்றினால் கேம் ஷாப்ட் ஒருமுறை சுற்றும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் உழுகிற டிராக்டரில் ஒவ்வொரு ராடும் ஒரு மணி நேரத்தில் 60,000 முறை ஏறி இறங்குகிறது.

1983-ல் வந்த மாருதி 800-ல் கேம் ஷாப்ட் சிலிண்டர் ஹெட்டுக்கே போய்விட்டது. புஷ் ராடு தேவைப்படவில்லை. இன்றைய கார்களில் அதுவே வழக்கம். டிராக்டர் இன்ஜினோ கார் இன்ஜின் அளவுக்கு வேகமாகச் சுழல வேண்டியதில்லை, குறைந்த சுற்றில் நல்ல இழுவை வேண்டும். அதனால் சென்னை சிம்ப்சன் போன்ற டீசல் இன்ஜின்களில் புஷ் ராடு நீடித்தது. கார் கைவிட்ட ராடு வயலில் இன்னும் உழைக்கிறது.

நெடுக்குவாட்டில் அழுத்தப்படும் கம்பி எந்தச் சுமையில் வளையும் என்று 1744-லேயே கணக்கிட்டுக் காட்டினார் சுவிட்சர்லாந்தின் கணித மேதை ஆய்லர். நீளம் இரட்டித்தால், தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகிவிடும். இன்ஜினை வடிவமைப்பவர்கள் ஸ்பிரிங்கின் எதிர்ப்பைவிடப் பல மடங்கு தாங்கும்படிதான் ராடைச் செய்கிறார்கள். ஆகவே நல்ல ராடு தானாக வளையாது. அது வளைந்திருந்தால், மேல்முனையில் ஏதோ ஒன்று அசைய மறுத்திருக்கிறது.

பெரும்பாலும் அது வால்வுதான். டெல்டாவின் ஈரத்துக்கு இதில் பெரிய பங்குண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டவெளியில் நிற்கும் டிராக்டரின் நிமிர்ந்த சைலன்சர் வழியே தண்ணீர் இறங்கும். அந்த நேரம் திறந்த நிலையில் நிற்கும் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு, அது ஏறி இறங்கும் குழலான கைடுக்குள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டன் வந்து அதை இடிக்கலாம். துரு பிடித்து மூடியே நிற்கும் வால்வைத் திறக்கப் பார்த்து ராடு வளையலாம். அறுவடைக் காலத்தில் வேறு கதை: வைக்கோல் தூசி ரேடியேட்டரை அடைத்து, இன்ஜின் சூடேறி, வால்வு கைடில் இறுகிவிடும். டைமிங் தப்பினாலும், இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்றாலும் வால்வும் பிஸ்டனும் மோதும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ராக்கர் கவரைக் கழற்றி இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினால், எல்லா ராக்கர்களும் முறைப்படி ஏறி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் அரைகுறையாக அசைந்தால் கோளாறு அங்கேதான். அந்த வால்வு மூடியிருக்கும்போது ராடை விரலால் உருட்டிப் பார்க்கலாம். நேரான ராடு நின்ற இடத்தில் சுழலும், வளைந்தது ஆட்டம் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் வெளியே எடுத்துக் கண்ணாடிமேல் உருட்டினால், அடியில் தெரியும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

உருவும்போது பொறுமை வேண்டும். எண்ணெய்ப் பசையில் டாப்பெட்டும் ஒட்டிக்கொண்டு மேலே வரலாம். லேசாக ஆட்டி விடுவித்த பிறகே எடுக்க வேண்டும். நல்ல ராடுகளை அட்டையில் எண்ணிட்ட துளைகளில் செருகி வைத்தால், அவை தேய்ந்து பழகிய அதே இடத்துக்குத் திரும்பும். வளைந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது கூடவே கூடாது. ஒருமுறை வளைந்த எஃகு மறுபடி அதே இடத்தில் எளிதில் மடங்கும்.

புது ராடு போடுவதற்கு முன்பு வால்வைச் சோதித்தாக வேண்டும். ராக்கரை விலக்கிவிட்டு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது, வால்வுத் தண்டை மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் சட்டென்று எழும்ப வேண்டும். தயங்கினால் ஹெட்டைக் கழற்றி கைடைப் பார்ப்பதே வழி. வால்வே வளைந்திருந்தால் கம்ப்ரஷன் சோதனை சொல்லிவிடும்.

கடைசியாக, பீலர் கேஜ் வைத்து ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்வது. அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜினில் இதற்கு அழகான ஒரு கணக்கு உண்டு. முதல் வால்வைச் சரிசெய்யும்போது எட்டாவது முழுதாகத் திறந்திருக்க வேண்டும்; மூன்றாவதற்கு ஆறாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

டிராக்டரை நிறுத்திவைப்பவர்கள் சைலன்சர் வாயை மூடிவையுங்கள். வாரம் ஒருமுறை மூடியை எடுத்துவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிடுங்கள். அப்படியும் ராடு வளைந்து பட்டறைக்குப் போக நேர்ந்தால், பழையது ஏன் வளைந்தது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகே வண்டியை எடுத்து வாருங்கள்.