வகுப்புக்கு வகுப்பு மாறும் துணை: நவோதயா விடுதிகளின் ஏழாண்டுப் பாதை

பிள்ளைகள் தங்கிப் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளி, கற்பித்தலோடு நின்றுவிட முடியாது. உணவு, உறக்கம், உடல்நலம், மனநலம் என்று பெற்றோர் ஏற்கும் பொறுப்புகள் அனைத்தும் அதன் தோள்மேல் ஏறுகின்றன. பதினொரு வயதுச் சிறுமிக்குத் தேவைப்படும் துணையும் பதினேழு வயது இளைஞனுக்குத் தேவைப்படும் துணையும் ஒன்றல்ல என்பதால், ஓர் உறைவிடப் பள்ளியின் தரத்தை அறிய, ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது தன் கவனிப்பை எப்படி மாற்றி அமைக்கிறது என்பதையே முதலில் ஆராய வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடத்தும் ஜவாஹர் நவோதயா வித்யாலயங்கள் இந்த ஆய்வுக்கு மிகவும் பொருத்தமானவை.

கிராமப்புறத்துத் திறமையான பிள்ளைகளுக்குத் தரமான கல்வியைச் செலவின்றி அளிப்பதே இப்பள்ளிகளின் நோக்கம். 1985-86 கல்வியாண்டில் அரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனை முறையில் தொடங்கிய இவை, 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை தந்த வலுவால் மாவட்டத்துக்கு ஒன்றாகப் பரவி, இன்று 650க்கும் மேற்பட்டவையாக வளர்ந்துள்ளன. நுழைவுத் தேர்வின் வழியே ஆண்டுதோறும் பள்ளி ஒன்றுக்கு அதிகபட்சம் 80 பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்க்கப்படுகின்றனர். அவர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் கிராமப்புறத்தவராகவும், மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. இப்பள்ளிகள் பின்பற்றும் மும்மொழிக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்காததால் அங்கு ஒரு நவோதயா பள்ளிகூட இல்லை. எனினும் புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் பயில்கின்றனர்.

ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை முதன்முறையாக வீட்டைப் பிரிகிறது. ஆதலால் அந்த ஆண்டின் தலையாய பணி, பாடத்தைவிடப் பிரிவைத் தாங்கப் பழக்குவதாகவே அமைகிறது. ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்னும் நான்கு இல்லங்களாக மாணவர்கள் பிரிக்கப்படுகின்றனர். இல்லம் என்பது ஒரே விடுதிக் குழுவாக வாழும் பிள்ளைகளின் தொகுதி. ஒவ்வொரு விடுதிக்கும் ஹவுஸ் மாஸ்டர் எனப்படும் ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்கிறார். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுவர்கள் இளையோர் விடுதியிலும், அதற்கு மேற்பட்டவர்கள் மூத்தோர் விடுதியிலும் தங்குகின்றனர். சீருடை, பாடநூல், படுக்கை ஆகியவற்றோடு சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் வரை பள்ளியே வழங்குகிறது. இவை சிறிய பொருள்களாகத் தோன்றினாலும், கூலித் தொழிலாளியின் மகளும் அரசு ஊழியரின் மகளும் அருகருகே இருக்கும் கட்டில்களில் ஒரே வகைப் பொருள்களோடு வாழத் தொடங்கும்போது, ஏழைப் பிள்ளையின் முதல் கூச்சம் அங்கேயே குறைந்துவிடுகிறது.

ஏழு, எட்டாம் வகுப்புகளில் பயிற்றுமொழியின் மாற்றம் முன்னுக்கு வருகிறது. தாய்மொழியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து வந்த பிள்ளைகளுக்கு ஏழு அல்லது எட்டாம் வகுப்பு வரை தாய்மொழியிலோ வட்டார மொழியிலோ கற்பித்து, அதன்பின் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திலும், சமூக அறிவியலை இந்தியிலும் கற்பிப்பதே இப்பள்ளிகளின் பொது நெறி. இடைப்பட்ட ஆண்டுகளில் மொழிப் பயிற்சி போதிய அளவு கிடைக்காத பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் பாடத்தையும் மொழியையும் ஒருசேரச் சுமக்க நேரிடும். பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கக் கற்பித்தல், அதாவது வகுப்பு நேரத்துக்கு வெளியே தனியே நடத்தப்படும் பயிற்சி, இந்தப் பருவத்தில்தான் மிகுந்த பயன் தருகிறது.

ஒன்பதாம் வகுப்பில் இப்பள்ளிகளுக்கே உரிய ‘இடப்பெயர்வுத் திட்டம்’ வருகிறது. இந்தி பேசும் பகுதியின் பள்ளியிலிருந்து ஏறத்தாழ 30 விழுக்காடு மாணவர்கள் இந்தி பேசாத பகுதியின் பள்ளிக்கும், அங்கிருந்து அதே அளவினர் இங்கும் ஓராண்டுக்கு மாறிச் செல்கின்றனர். தேசிய ஒருமைப்பாட்டுக்காக வகுக்கப்பட்ட இத்திட்டம், மூன்றாண்டு பழகிய விடுதியையும் நண்பர்களையும் விட்டு, புதிய உணவுக்கும் புதிய மொழிக்கும் நடுவே பதினான்கு வயதுப் பிள்ளையை நிறுத்துகிறது. ஆகவே, ஆறாம் வகுப்பில் கிடைத்த அதே அரவணைப்பு இங்கு இரண்டாம் முறையாகத் தேவைப்படுகிறது. வந்து சேர்ந்தவர்களைத் தனிக் கூட்டமாக ஒதுங்கவிடாமல், உள்ளூர் மாணவர்களோடு கலந்து தங்கச் செய்யும் பள்ளியிலேயே திட்டத்தின் நோக்கம் நிறைவேறும்.

பத்தாம் வகுப்பு, மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பொதுத்தேர்வு ஆண்டாதலால் படிப்பு நேரம் இறுகுகிறது. ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் தாமே படிக்கும் மாலை நேரம் அன்றாட ஒழுங்கின் மையமாகிறது. பாட ஆசிரியர்களும் வளாகத்திலேயே குடியிருப்பதால், எழும் ஐயத்தை அன்று இரவே தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு பிள்ளைகளுக்கு உண்டு. வெளியே தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட இயலாத குடும்பத்துக்கு உறைவிடப் பள்ளி தரும் பெரும் ஈடு இதுவே.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் பாடப்பிரிவுத் தேர்வும் உயர்கல்விக்கான திட்டமிடலும் முதன்மை பெறுகின்றன. 2007இல் தொடங்கப்பட்ட தக்ஷணா அறக்கட்டளை, நவோதயா மாணவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கு ஐ.ஐ.டி., மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சியைக் கட்டணமின்றி அளித்து வருகிறது. மறுபுறம், இல்லத் தலைவர்களாக இருந்து இளையோரை வழிநடத்தும் பொறுப்பு மூத்த மாணவர்களுக்குத் தரப்படுகிறது. துணை பெற்றவர்கள் துணை தருபவர்களாக வளர்வது இந்நிலையில்தான்.

இந்த அமைப்பின் பெருங்குறையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 2013 முதல் 2017 வரையிலான ஐந்தாண்டுகளில் நவோதயா மாணவர்கள் 49 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்ற செய்தி 2018 டிசம்பரில் நாளேட்டில் வெளியானதும், தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய அரசிடம் விளக்கம் கேட்டது. பகலில் பாடம் நடத்தும் ஆசிரியரே இரவிலும் விடுதிப் பொறுப்பைச் சுமக்கும் ஏற்பாட்டில், கல்வித் தேர்ச்சியைக் கண்காணிக்கும் கண், ஒரு பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிக்கத் தவறுவது எளிது. அந்தக் கவனிப்புக்குப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் பள்ளிதோறும் நிரந்தரமாக இருப்பது இன்றியமையாதது.

கிராமத்துப் பிள்ளைக்கு நவோதயா திறந்துவிட்ட வாசல் பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் தேர்வு முடிவுகளை மட்டும் வைத்து உறைவிடப் பள்ளியை மதிப்பிடும் வழக்கத்தைப் பெற்றோரும் அரசும் கைவிட வேண்டும். பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் ஒவ்வொரு பெற்றோரும், தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், இரவில் தன் பிள்ளை அழுதால் அதன் அருகில் வந்து அமரப் போகிறவர் யார் என்று கேட்கட்டும்.