கடலோரத்தில் குழாய்க் கிணறு

ஆழம் போனால் நல்ல தண்ணீர் என்பது கடலோரத்தில் எப்போதும் பலிக்காது. இராமேசுவரம் தீவு மணலில் நல்ல நீர், கனமான உப்பு நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நிற்கும். அந்த 1 அடியை இறைத்துவிட்டால் உப்பு மேலேறும்.

மணற்பாங்கான நிலத்துக்குச் சுழல் துளை எந்திரமே ஏற்றது. துளைப்பான் சுழன்று மண்ணை அறுக்கும். குழாய் வழியே செலுத்தும் களிக் குழம்பு அறுபட்ட மண்ணை மேலே கொணரும். சுவர் சரியாமலும் காக்கும்.

குழம்பு கலப்பதால் நீரின் சுவை அப்போது தெரியாது. ஆகவே 10 அடிக்கு ஒரு மண் மாதிரி எடுங்கள். குழாய் இறக்குமுன் மின்தடை ஆய்வு செய்யுங்கள். நன்னீர் அடுக்கில் மட்டும் சல்லடைக் குழாய் பொருத்தி, உவர் அடுக்கைக் களிமண்ணால் அடையுங்கள். உப்பேறிய கிணறு எளிதில் மீளாது.