நீர்க்கடுப்பும் மருந்தின் கணக்கும்

சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிக்கடி கழிக்கத் தோன்றுதல், அடிவயிற்றில் வலி ஆகியவற்றை நாம் நீர்க்கடுப்பு என்கிறோம். உடற்சூடு என்று எண்ணி, மோரும் இளநீரும் பருகிப் பொறுத்திருப்போர் நம்மிற் பலர். ஆயினும் இத்துன்பம் பெரும்பாலும் கிருமியால் விளைவது. குடலில் வாழும் ஈ-கோலை என்னும் பாக்டீரியா சிறுநீர்ப் பாதையில் ஏறிப் பெருகுவதே முதற் காரணம். சிறுநீர் வெளிவரும் குழாய் பெண்களுக்குக் குறுகியதாகையால், அவர்களையே இது மிகுதியும் வருத்துகிறது.

இதற்கு வாய்வழி உட்கொள்ளும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் உள்ளன. ஆனால் ஒவ்வொன்றின் கணக்கும் வேறு. கருவுறாத, வேறு நோயில்லாத பெண்ணுக்குச் சிறுநீர்ப்பையில் மட்டும் கிருமி தங்கியிருப்பின், நைட்ரோபுரான்டாயின் மருந்தை, நீடித்து வேலை செய்யும் வகையில், 100 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருவேளை, 5 நாட்கள் உணவுடன் கொடுப்பது வழக்கம். பாஸ்போமைசின் தூளோ 3 கிராம் நீரில் கரைத்து ஒரே முறை பருகுவதோடு முடிகிறது.

இவ்வேற்றுமை ஏன்? கிருமியை ஒடுக்கும் அளவு மருந்து சிறுநீரில் போதிய காலம் நிற்றல் வேண்டும். பாஸ்போமைசின் ஒருமுறை உட்கொண்டால் இரண்டு மூன்று நாட்கள் சிறுநீரில் தங்குகிறது. நைட்ரோபுரான்டாயின் விரைவில் வெளியேறிவிடுவதால், வேளை தவறாமல் மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டியுள்ளது.

இரண்டாம் நாளே எரிச்சல் தணியலாம். அத்துடன் மருந்தை நிறுத்துவது, மேலே தழையை அறுத்துவிட்டுக் கோரைக் கிழங்கை நிலத்தில் விடுவது போன்றதாகும். எஞ்சிய கிருமி மீண்டும் தலையெடுக்கும். குறைந்த அளவு மருந்து கிருமிகளை அதற்குப் பழக்கிவிடும் என்று, பெனிசிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் பிளெமிங் 1945-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். ஒருவேளை மறந்துபோயின், அடுத்த வேளையில் இரட்டிப்பாக உட்கொள்ளலும் ஆகாது.

அண்டை வீட்டார் மீத்து வைத்த மாத்திரையை வாங்கி விழுங்குதல் பெருந்தீங்கு. நைட்ரோபுரான்டாயின் சிறுநீரகத்தின் உள்ளே போதிய அளவு சேர்வதில்லை. ஆகவே கிருமி அங்கு ஏறியபின் அது பயன்படாது. குளிர்காய்ச்சல், விலாப்புறத்தில் வலி, வாந்தி ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. கருவுற்றோர், ஆடவர், குழந்தைகள், நீரிழிவு உடையோர், சிறுநீரகம் பழுதுற்றோர் ஆகியோருக்கு மருந்தும் நாட்களும் மாறும். அதனை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

எந்த மருந்து, எத்தனை வேளை, எத்தனை நாள் என்னும் மூன்றையும் மருத்துவரிடம் கேட்டறிந்து, அவ்வாறே முடிப்போமாக. அங்கத்தினர்கள் இதனைத் தத்தம் இல்லத்துப் பெண்களுக்கும் எடுத்துரைக்க வேண்டுகிறோம்.